எலிக்கு வெட்கம் கிடையாது

வில்காபுக்யோ
18 மே 2014

அன்பு மகள் நெலிதாவுக்கு அப்பா நசாரியோ எழுதிக்கொள்வது.

நாங்கள் நலம். லிமாவின் ஈரக்காற்றில் நீ இருமாமல் இருக்கிறாயா? வேளைக்குச் சாப்பிடுகிறாயா?

இதை நானேதான் எழுதுகிறேன். எழுதப் படிக்கச் சொல்லித்தருகிற மாலை வகுப்பு ஆசிரியை பக்கத்தில் இல்லை. ஆடுகள் மேயப் போனதும் உட்கார்ந்தேன். இப்போது அவை திரும்பி வருகிற தூசி தெரிகிறது. இந்த வயதில் ஒருவன் இவ்வளவு சந்தோஷப்படலாம் என்று எனக்கு யாரும் சொல்லவில்லை. ஒரு சொல்லை எழுதிவிட்டு எழுந்துபோய் வாய் கொப்பளித்துவிட்டு வந்து பார்த்தாலும் அது அங்கேயே இருக்கிறது! வாயால் சொன்ன எதுவும் எனக்கு அப்படி நின்றதில்லை.

விஷயத்துக்கு வருகிறேன். போன ஞாயிறு நீ கடைக்குப் போன் செய்தாய். காதில் வைக்கிற பாகம் உடைந்து போனதால் கடைக்காரன் ஸ்பீக்கரில் போட்டுத்தான் கொடுக்கிறான் என்று உனக்குத் தெரியவில்லை. "அப்பா, நம்ம ஊர் ஆம்பளைங்க மாஷ்வாக் கிழங்கு சாப்பிடறாங்களா?" என்று நீ கேட்டது, உப்பு வாங்க வந்தவர்கள் வரை எல்லாருக்கும் கேட்டுவிட்டது. உன் ஞானத்தகப்பன் இலாரியோ அங்கேதான் நின்றான்.

"ஏன் மச்சான், கிழங்கு தின்னு குளிர வைக்கிற அளவுக்கு உனக்கு இன்னும் சூடு மிச்சம் இருக்கா?" என்றான். கடையே சிரித்தது.

ஆகவே எழுத்தில் பதில் தருகிறேன். உருளைக்கிழங்கு வயலைச் சுற்றி மாஷ்வா நடுகிறோம். அதன் வாடைக்குப் புழு உள்ளே வராது. புழுவே விலகிப் போகிற ஒன்றை மனிதன் எதற்குத் தின்ன வேண்டும்? பெண்கள் வெயிலில் போட்டு இனிக்க வைத்து வேகவைப்பார்கள், குழந்தைகள் தின்னும். ஆண்கள் தொடமாட்டார்கள். ஆண்மையை அணைத்துவிடும், பெண்டாட்டி வெளியூர் போகும்போது புருஷனுக்கு வைத்துவிட்டுப் போகிற சாப்பாடு அது என்று நம் ஊர்ப் பேச்சு உனக்குத் தெரியும். அது வேகிற நாற்றம் இருக்கிறதே, ஈரக் கம்பளியில் முள்ளங்கியைச் சுற்றி அடுப்பருகே மறந்துவிட்டது போல. எழுதும்போதே குமட்டுகிறது. எனவே பதில்: ஒருவரும் சாப்பிடுவதில்லை.

உன் அம்மா பக்கத்தில் உட்கார்ந்து, நான் அடிக்கடி வெளியே போய் வருவதைப் பற்றி ஏதோ எழுதச் சொல்கிறாள். அது காகிதத்துக்கு ஏற்ற பேச்சு இல்லை. ஆடுகள் நலம்.

மலைகள் உன்னைக் காக்கட்டும்.
அப்பா


லிமா
6 ஜூன்

அன்புள்ள அப்பா,

நான் நலம், இருமல் இல்லை. நீங்களும் அம்மாவும் உடம்பைப் பார்த்துக்கொள்கிறீர்களா? உங்கள் எழுத்தை ஆய்வகத்தில் எல்லாருக்கும் காட்டினேன். நாங்கள் எழுதுவதைவிடத் தெளிவாக இருக்கிறது என்றார் எங்கள் தலைவி.

ஸ்பீக்கர் விஷயம் தெரியாது. மன்னியுங்கள். எதற்குக் கேட்டேன் என்றால், மாஷ்வாவின் மருந்துக் குணம் பற்றி உலகத்தில் இதுவரை வந்த ஆராய்ச்சிகளை எல்லாம் படித்து, அவை எந்தப் பக்கம் போய்க்கொண்டிருக்கின்றன என்று ஒரு கட்டுரை எழுதச் சொல்லியிருக்கிறார்கள். இது நன்றாக வந்தால் இங்கே என் வேலை நிரந்தரமாகும். முதலில் அதை உணவாக மட்டும் பார்த்தார்கள். பிறகு அதன் கருப்பு, ஊதா நிறங்களில் உடம்புக்கு நல்லது என்ன இருக்கிறது என்று தேடினார்கள். பிறகு ஆண் எலிகளுக்குக் கொடுத்து விந்து குறைகிறதா என்று எண்ணினார்கள். நம் ஊர்ப் பேச்சு முழுப் பொய் இல்லை அப்பா, எலிகளுக்குக் குறைந்திருக்கிறது! இப்போது புதிதாக, வயதான ஆண்களுக்கு வீங்கிச் சிறுநீரை அடைக்கிற சுரப்பி இருக்கிறதே, அதற்கு இது மருந்தாகுமா என்று பார்க்கிறார்கள். நாக்கைக் கடிக்கிற அந்தக் காரச் சத்தில்தான் விஷயம் என்கிறார்கள். வெயிலில் போட்டால் அது குறைந்துவிடுகிறதாம்.

அம்மா சொன்னது என்ன? ஆடுகளின் நலத்தைக் கடிதத்தில் சொல்கிற ஆள் இல்லை அம்மா.

உங்கள் மகள்
நெலிதா


வில்காபுக்யோ
24 ஜூன்

அன்பு மகளுக்கு,

நலம். உறைபனி விழுகிறது. நீ நலமா?

உன் கடிதத்தை நானே படித்தேன். சத்தமாகவும் படித்தேன், சத்தம் இல்லாமலும் படித்தேன். சத்தம் இல்லாமல் படிப்பதுதான் அதிசயம். பக்கத்தில் பெண்டாட்டி உட்கார்ந்திருக்கும்போதே ரகசியம் பேசலாம்.

எலியைப் பற்றிப் படித்தபோது சாப்பிட்டது மேலே வந்தது. படித்த பிள்ளைகள் எலியின் காலை விரித்து வைத்து அதன் விந்தை எண்ணுகிறார்களா? அதற்குச் சம்பளமா? நீ அந்த வேலை செய்யவில்லை, படிக்க மட்டுமே செய்கிறாய் என்று அம்மாவிடம் சொல்லிவிட்டேன். கையை நன்றாகக் கழுவு.

ஆனால் ஆராய்ச்சி என்றால் முழுதாகத் தெரிந்துகொள்ள வேண்டும். அதனால் கேட்கிறேன். சுரப்பி வீங்கிய எலிக்கு எவ்வளவு கொடுத்தார்கள்? எத்தனை நாளில் வீக்கம் வடிந்தது? அது வயசான எலியா? நின்று நின்று, சொட்டுச் சொட்டாகப் போகிற எலி என்றால் அதற்கு எந்த நிறக் கிழங்கு? வெயிலில் வைக்காததுதானே?

அம்மா நலம். இப்போது அவளும் மாலை வகுப்புக்கு வருகிறாள். பின்வரிசையில் உட்கார்ந்து கம்பளி நூற்கிறாள். படிக்கிற இடத்தில் ஆட்டு மயிர் பறக்கிறது. அருவருப்பு.

மலைகள் காக்கட்டும்.
அப்பா


லிமா
12 ஜூலை

அன்புள்ள அப்பா,

நான் நலம். கையை நன்றாகக் கழுவுகிறேன்.

இவ்வளவு கேள்விகளை எங்கள் தலைவிகூடக் கேட்கவில்லை. அவை வயதான எலிகள் இல்லை. இளம் எலிகளுக்கு ஊசி போட்டு வீங்க வைக்கிறார்கள். பிறகு கருப்பு மாஷ்வாவின் சாற்றைக் கொடுக்கிறார்கள். ஒரு சில வாரத்தில் வீக்கம் கொஞ்சம் குறைந்தது என்று எழுதியிருக்கிறார்கள். எலி சிரமப்பட்டுப் போகிறதா என்று யாரும் பார்க்கவில்லை. மனிதர்களிடம் செய்து பார்த்த ஆராய்ச்சி ஒன்றுகூட என் கையில் கிடைக்கவில்லை. அதனால் இது மருந்து என்று யாரும் சொல்ல முடியாது. யாரும் இதை நம்பி உட்காரக்கூடாது.

அப்பா, இதை யாருக்காகக் கேட்கிறீர்கள்? இலாரியோ மாமாவுக்கு உடம்பு சரியில்லையா? அப்படியானால் குஸ்கோ நகர ஆஸ்பத்திரிக்குப் போகச் சொல்லுங்கள். சின்ன அறுவைதான். தாமதித்தால் சிறுநீரகம் கெடும்.

நெலிதா


வில்காபுக்யோ
1 ஆகஸ்ட்

அன்பு மகளுக்கு,

நலம். எல்லாரும் நலம். இலாரியோ கல் மாதிரி இருக்கிறான்.

உன் ஆராய்ச்சிக்கு ஊரிலிருந்து ஒருவராவது உதவ வேண்டும் என்று, கருப்பு மாஷ்வாவை வேகவைக்காமல் பச்சையாக நானே கொஞ்சம் ருசி பார்க்கிறேன். வெயிலில் வைக்காதது. மகளே, அதை எப்படிச் சொல்வது! பல்லில் பட்டதும் மூக்கு வழியாக ஒரு கத்தி ஏறுகிறது. அதன் பின்னால் சோப்பு. அதன் பின்னால் பழைய செருப்பு. விழுங்கிய பிறகும் விடாமல், நாள் முழுக்க ஏப்பத்தில் வந்து வந்து நலம் விசாரிக்கிறது. காலையில் ஒன்று, மாலையில் ஒன்று.

உன் அம்மா பார்த்துவிட்டாள்.

"என்னய்யா பண்றே? வெயில்ல வெக்காத மாஷ்வாவப் பன்னிகூடத் திங்காது!"

"ஆராய்ச்சி."

"ஆராய்ச்சியா? அப்ப வாலு எங்க?"

இப்படிப் பேசுகிறவளோடு நான் நாற்பது வருஷமாக இருக்கிறேன்.

தேசத் திருநாள் அன்று வாத்தியம் எல்லாம் வந்தது. குடம் குடமாகச் சோளச் சிச்சா. நான் குடிக்கவில்லை. இலாரியோ என் குவளையைத் தூக்கிக் காட்டிக் கத்தினான்: "பாருங்கப்பா! நசாரியோ சிச்சா வேணாங்கறான்! பூமி அதிரப் போவுது, எல்லாரும் வீட்ட விட்டு வெளிய வாங்க!" எனக்குத் தாகம் இல்லை, அவ்வளவுதான். குடித்தால் குடித்ததை எங்கேயாவது வைக்க வேண்டுமே. ஆட்டமும் ஆடவில்லை. ஆடுகிறவர்களின் வேர்வை நாற்றம் பிடிக்கவில்லை.

அம்மா உன்னிடம் ஒன்று சொல்லச் சொன்னாள். சொல்லிவிட்டதாக அவளிடம் சொல்லியிருக்கிறேன். மழை இல்லை.

அப்பா


லிமா
15 ஆகஸ்ட்

அன்புள்ள அப்பா,

நீங்கள் நலம் என்று எழுதுகிற கடிதத்தை நலம் என்று என்னால் படிக்க முடியவில்லை. நேராகக் கேட்கிறேன். சொட்டுச் சொட்டாகப் போகிற எலி நீங்கள்தானா?

பச்சைக் கிழங்கை நிறுத்துங்கள். வெயிலில் வைத்தால் காரம் குறையும் என்று நான் எழுதியது ஒரு செய்திக்காக, மருந்துச் சீட்டாக இல்லை. சுகாதார நிலையத்துக்குப் போங்கள். அங்கே இருக்கும் செவிலி பெண் என்பதால் போகமாட்டீர்கள் என்று தெரியும். அப்படியானால் குஸ்கோவுக்குப் போங்கள். என் கட்டுரையைவிட எனக்கு நீங்கள் முக்கியம்.

கடைக்குப் போன் செய்து கேட்டிருப்பேன். அந்தக் கடையில் எத்தனை காது இருக்கிறது என்று யோசித்துப் போனை வைத்துவிட்டேன். உடனே பதில் எழுதுங்கள்.

நெலிதா


லிமா
5 செப்டம்பர்

அப்பா,

பதில் இல்லை. உங்கள் கடிதம் வந்து சேர்கிற பஸ் ஆபீஸில் தினமும் கேட்கிறேன். கடைக்குப் போன் செய்தேன். "நசாரியோ அப்பா நல்லா இருக்கார், உங்களப் பத்தித்தான் பேசிக்கிட்டிருந்தார்" என்றான் கடைக்காரன். பின்னால் யாரோ சிரித்தார்கள். ஒரு வரியாவது எழுதுங்கள்.

நெலிதா


குஸ்கோ
14 செப்டம்பர்

மகளே,

அம்மா எழுதுகிறேன். கோணலாக வரும்.

உன் அப்பாவுக்கு மூத்திரம் போகவில்லை. மே மாசத்திலிருந்து சரியில்லை. நான் ஒவ்வொரு தடவையும் எழுதச் சொன்னேன். எழுதினேன் என்றார். வகுப்பில் படித்து, உன் கடிதங்களை எடுத்துப் பார்த்தேன். எழுதவில்லை என்று தெரிந்தது. நீ போகச் சொன்னதும் தெரிந்தது.

நேற்று ஒரு சொட்டும் இல்லை. வயிறு கல். பால் வண்டியில் படுக்க வைத்துக் கொண்டு வந்தேன். வழியில் என்னைத் திட்டினார். திட்டட்டும்.

நீ வா.

தொமாசா


குஸ்கோ ஆஸ்பத்திரி
2 அக்டோபர்

அன்பு மகளுக்கு,

நீ வந்து போனபோது நான் அதிகம் பேசவில்லை. உன் எதிரில் அந்தக் குழாயோடு கிடந்தேனே. மகள் பார்க்கக் கூடியதா அது? ஓர் ஆணுக்குள் குழாயை நுழைத்து, அதன் மறுமுனையில் பையைக் கட்டி, அந்தப் பையைக் கட்டில் ஓரத்தில் எல்லாரும் பார்க்கத் தொங்கவிடுகிறார்கள். என் மூத்திரத்தை நான் ஒரு நாளும் இவ்வளவு நேரம் பார்த்ததில்லை. இந்த வார்த்தையைக் கடிதத்தில் எழுதிவிட்டேன், பார். எழுதிய பிறகும் காகிதம் கிழியவில்லை.

அறுவை முடிந்தது. நல்ல கட்டிதான் என்றார் டாக்டர். நல்ல கட்டி என்று ஒன்று இருக்கிறதாம்! ஆனால் இடது சிறுநீரகம் பாதிக்கு மேல் கெட்டுவிட்டது. ஜூனிலேயே வந்திருந்தால் காப்பாற்றியிருக்கலாமாம். அதைச் சொல்லும்போது அவர் என்னைப் பார்க்காமல் உன் அம்மாவைப் பார்த்தார். அவள் வெளியே போய் வெகு நேரம் கழித்து வந்தாள்.

இங்கே நடந்ததைக் கேள். இந்தக் கூடத்தில் எல்லாம் என்னைப் போன்ற பை கட்டிய கிழவர்கள். டாக்டர் தினமும் வந்து, "நாட்டு மருந்து ஏதாவது சாப்பிட்டீங்களா தாத்தா?" என்று ஒவ்வொருவரையும் கேட்பார். "இல்ல டாக்டர்" என்று கோயிலில் மறுமொழி சொல்வது போல எல்லாரும் சொல்வோம். நானும் சொன்னேன்.

நேற்று ஒருவரின் மனைவி சால்வைக்குள் மறைத்து ஒரு பானை கொண்டுவந்தாள். மூடி கொஞ்சம் விலகியதுதான், கூடம் முழுக்க நாற்றம். ஈரக் கம்பளி, முள்ளங்கி. எல்லாருடைய மூக்கும் ஒரே சமயத்தில் நிமிர்ந்தது. ஒருவரும் ஒன்றும் தெரியாதது போலக் கூரையைப் பார்த்தார்கள். அந்த முகங்களைப் பார்த்தபோது எனக்குக் கிழங்கைவிட அதிகமாகக் குமட்டியது. என் முகமும் இப்படித்தானே இருந்திருக்கும்!

"கருப்பு மாஷ்வா" என்றேன். "எனக்குத் தெரியாதா? பச்சையாவே தின்னவன் நான்."

பிறகு மூலையில் இருந்த ஓய்வுபெற்ற வாத்தியார், "நான் மாத்திரையா வாங்கினேன். சந்தையில" என்றார். "டப்பா மேல காளை மாடு படம் போட்டிருந்தான்."

"காளையா? அந்தக் கிழங்குக்கா?"

"அதான் எனக்கும் சந்தேகம். ரெண்டு டப்பா முடிஞ்ச பிறகுதான் வந்துச்சு."

சிரித்தோம். தையல் வலிக்க வலிக்கச் சிரித்தோம். அதற்குப் பிறகு ஒவ்வொருவராக வாயைத் திறந்தார்கள். ஒருவர் ரொட்டிக்குள் வைத்துத் தின்றாராம். ஒருவர் பேத்திக்கு என்று சொல்லி வாங்கினாராம். எல்லாருமே, மகளே. கூடம் முழுக்க. தின்றுகொண்டு வீட்டிலேயே உட்கார்ந்திருந்தவர்கள்.

அப்பா


லிமா
20 அக்டோபர்

அன்புள்ள அப்பா,

தையல் ஆறிவிட்டதா? உப்பைக் குறைக்கிறீர்களா? அம்மாவின் முதுகுவலி எப்படி இருக்கிறது?

உங்கள் கடிதத்தைத் தலைவியிடம் படித்துக் காட்டினேன். அவர் சிரிக்கவில்லை. என் கட்டுரையில், "மனிதர்களிடம் ஆய்வு இல்லை" என்று ஒரு வரி எழுதிவிட்டு அடுத்த பத்திக்குப் போயிருந்தேன். அந்த வரியைப் பார்த்தால் இப்போது எனக்கு அருவருப்பாக இருக்கிறது. ஆண்கள் இதை மறைத்துத் தின்கிறார்கள், தின்றுகொண்டு ஆஸ்பத்திரிக்கு வராமல் இருக்கிறார்கள், டாக்டர் கேட்டாலும் சொல்வதில்லை, இனி ஆராய்ச்சி செய்கிறவர்கள் முதலில் இதைக் கணக்கில் எடுக்க வேண்டும் என்று எழுத ஆசைப்படுகிறேன். "யார் சொன்னார்கள் என்று போடாமல் எழுத முடியாது" என்கிறார் தலைவி. பெயரில்லாத பேச்சை ஆராய்ச்சிக் கட்டுரை ஏற்காது.

உங்கள் பெயரைப் போடலாமா? வேண்டாம் என்றால் வேண்டாம். எனக்கு வருத்தம் இல்லை. குஸ்கோ பல்கலைக்கழகத்தில் படிக்கிற நம் ஊர்ப் பிள்ளைகள் கண்ணில் இது படலாம், பட்டால் கடைக்கு வந்து சேரும். யோசித்துச் சொல்லுங்கள்.

நெலிதா


வில்காபுக்யோ
9 நவம்பர்

அன்பு மகளுக்கு,

தையல் ஆறிவிட்டது. உப்பில்லாத சூப் குடிக்கிறேன். கழுவின பாத்திரத்தைத் திரும்பக் கழுவின தண்ணீர் போல இருக்கிறது. அம்மாவின் முதுகுவலி அவள் எழுதுவாள். இனி அவரவர் கடிதத்தை அவரவரே எழுதுவது என்று முடிவு.

பெயரைப் போடு. முழுப் பெயர்: நசாரியோ யூக்ரா. வயதும் போடு. பச்சையாகத் தின்றான், பயன் இல்லை, வெட்கப்பட்டு வீட்டில் இருந்தான், ஒரு சிறுநீரகம் பாதிக்கு மேல் போனது என்று எழுது. பத்து நாள் யோசித்தேன். எலியைப் பற்றி ஏன் அவ்வளவு எழுதியிருக்கிறார்கள், எங்களைப் பற்றி ஏன் ஒரு வரிகூட இல்லை என்று யோசித்தேன். எலிக்கு வெட்கம் கிடையாது. வேறு காரணம் எனக்குத் தெரியவில்லை.

கடைக்கு வந்து சேரும் என்று எழுதியிருந்தாய். அது சேரும்வரை காத்திருக்க எனக்குப் பொறுமை இல்லை. ஞாயிறு நானே கடைக்குப் போய் எல்லார் எதிரிலும் சொல்லிவிட்டேன். குழாய், பை எல்லாம். இலாரியோ ஏதாவது சொல்வான் என்று காத்திருந்தேன். மற்றவர்கள் சிரித்தார்கள், அவன் சிரிக்கவில்லை.

நேற்று வீட்டுக்கு வந்தான். உட்கார்ந்தான். கோக்கா இலையை மென்றான். மழையைப் பற்றிப் பேசினான். ஆட்டு விலையைப் பற்றிப் பேசினான். எழுந்தான், திரும்ப உட்கார்ந்தான்.

"மச்சான், அந்தக் குழாய் ரொம்ப வலிக்குமா?"

"எதுக்குக் கேக்கறே?"

"சும்மாதான். தெரிஞ்சு வெச்சுக்கலாம்னு."

மகளே, இந்தப் பொய் எவ்வளவு கேவலமாகக் காதில் விழுகிறது தெரியுமா? இதையே உனக்கு நான் கடிதம் கடிதமாக எழுதியிருக்கிறேன்.

"எத்தன மாசமா?" என்றேன்.

அவன் தொப்பியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டான். "அறுவடைக்கு முன்னாலேருந்து" என்றான். "வீட்ல தெரியாது. உன் பொண்டாட்டிகிட்ட சொல்லிடாதே."

"அவ வாசல்லதான் நிக்கறா."

பால் வண்டி விடியற்காலை புறப்படும். நானும் கூடப் போகிறேன். கூடத்தில் எந்தக் கட்டிலுக்கு ஜன்னல் காற்று வரும் என்று எனக்குத் தெரியும். டாக்டர் கேட்கும்போது அவன் உண்மையைச் சொல்லாவிட்டால் நான் சொல்லுவேன் என்று அவனிடம் சொல்லிவிட்டேன். இப்போது வண்டியின் ஹாரன் கேட்கிறது. அவன் வாசலில் தொப்பியைப் போடுவதும் கழற்றுவதுமாக நிற்கிறான், விட்டால் திரும்பிப் போய்விடுவான். நிறுத்துகிறேன்.

அப்பா
நசாரியோ யூக்ரா